தரைக்குள் வெந்நீர்

ஹாஜா நஜ்முதீன் சான் ஹோசேயில் வாங்கிய வீட்டைப் பார்க்க வந்தவர்கள் அத்தனை பேரும், வாசலைத் தாண்டியதும் கேட்ட முதல் கேள்வி ஒன்றுதான். "ஹீட்டர் எங்கே?"

நியாயமான கேள்வி. அந்தப் பக்கத்து வீடுகளில் எல்லாம் சுவரிலோ தரையிலோ கம்பி போட்ட வென்ட் ஒன்று இருக்கும், அதிலிருந்து புஸ்ஸென்று சூடான காற்று வரும். இந்த வீட்டில் அப்படி ஒன்றுமே இல்லை. 1955இல் கட்டிய தட்டைக் கூரை வீடு, கூடத்தின் ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடிச் சுவர். ஹாஜா அந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர் மாதிரி, "ஷூ கழட்டிட்டீங்கள்ல? சாக்ஸையும் கழட்டுங்க" என்பார். வந்தவரைக் கூடத்தின் நடுவில் வெறுங்காலோடு நிறுத்திவிட்டு ஒரு நிமிஷம் பேசாமல் இருப்பார். வந்தவரின் முகம் மெதுவாக மாறும். அதைப் பார்ப்பதில் அந்த மனுஷனுக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

"காங்கிரீட்டுக்குள்ள செம்புக் குழாய் ஓடுது. பாய்லர் தண்ணியச் சூடாக்கும், பம்ப் அதைச் சுத்தி விடும். அவ்வளவுதான் விஷயம். காத்து ஊதாது, தூசி கிளப்பாது, சத்தம் போடாது. கேஸ் பில்லும் கம்மி." இதோடு விடுவாரா? குழாய் எத்தனை அடி, தண்ணீர் எத்தனை டிகிரி என்று அவர் ஆரம்பிக்கும்போது மனைவி தாஜ் நிஷா அடுக்களையிலிருந்து குரல் கொடுப்பாள். "மச்சான், வந்தவங்க டீ குடிக்கட்டும், விடுங்க."

அவர் அந்த வீட்டை வாங்கியதே தரைக்காகத்தான். நியூ ஜெர்சி வேலையை விட்டுவிட்டு இங்கே வந்ததற்குக் கீழக்கரையில் உள்ள சொந்தபந்தங்களிடம் சொன்ன காரணம் சம்பளம். உண்மையான காரணம் ஆறு வயது மகள் இனாயாவின் நெஞ்சு. அங்கே எடிசன் என்ற ஊரில் குடியிருந்த அபார்ட்மென்ட்டில் குளிர்காலம் வந்தால் சுவருக்குள் டப்பென்று ஒரு சத்தம் கேட்கும். காற்றைச் சூடாக்கும் ஃபர்னஸ் ஓடும். வென்ட்டிலிருந்து காற்று கிளம்பும். கொஞ்ச நேரத்தில் பிள்ளையின் நெஞ்சில் விசில் அடிக்கத் தொடங்கும். இரண்டு குளிர்காலம் புருஷனும் பெண்டாட்டியும் மாறி மாறி அந்த விசிலைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு தடவை எமர்ஜென்சிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஊதுகிற காற்று வீட்டுத் தூசியைக் கிளப்பி விடுகிறது என்று டாக்டர் சொன்னார். ஹாஜா அதில் 'ஊதுகிற காற்று' என்பதை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். தூசியை விட்டுவிட்டார்.

சான் ஹோசே வந்து ஒன்றரை மாதம் இனாயாவுக்கு ஒன்றும் வரவில்லை. பள்ளி விட்டு வந்ததும் கூடத்துத் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு படம் வரைவாள். மருந்தைப் புகை மாதிரி ஆக்கி அவள் மூச்சோடு இழுக்க வைக்கும் நெபுலைசர் மெஷின் அலமாரியின் உச்சித் தட்டுக்குப் போய்விட்டது. தாஜ் நிஷாவுக்கும் லாபம் இருந்தது. எடிசனில் இட்லி மாவு பொங்க அவள் பட்ட பாடு கொஞ்சமா? ஓவனுக்குள் விளக்கைப் போட்டு, சட்டிக்குக் கம்பளி சுற்றி, கும்பிடாத குறை. இங்கே காரிடார் மூலையில் சட்டியை வைத்துவிட்டுப் போய்ப் படுத்தால் காலையில் மூடியைத் தள்ளிக்கொண்டு நிற்கும்.

ஹாஜாவைப் பற்றி இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். ஆபீசில் எந்த புரோகிராம் எங்கே உடைந்தாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். வந்ததும் ஒரே கேள்வி கேட்பார்: "கடைசியா என்ன சேஞ்ச் பண்ணீங்க?" ஒன்றுமே பண்ணவில்லை என்று சத்தியம் செய்பவனை அவர் நம்பவே மாட்டார். பத்தில் ஒன்பது தடவை அவர் சந்தேகம் சரியாகத்தான் இருக்கும். வீட்டிலும் இதே பாட்டுதான். சோற்றுக்கு ஊற்றும் ஆணம் ருசி மாறினால், கார் மக்கர் பண்ணினால், வீடியோ படம் தெரியாமல் போனால், கடைசியா என்ன சேஞ்ச் பண்ணினே? தாஜ் நிஷாவுக்குக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

1997 டிசம்பர் கடைசியில் நோன்பு தொடங்கியது. சான் ஹோசேயைச் சுற்றி இருந்த பத்துப் பன்னிரண்டு தமிழ் முஸ்லிம் குடும்பங்களுக்கும் சனிக்கிழமை தோறும் நம் வீட்டில்தான் நோன்பு திறப்பு என்று ஹாஜா முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தார். அவர்களுக்கெல்லாம் மூத்தவர், அண்ணன் முறையில் எல்லாரும் காக்கா என்று கூப்பிடும் சீனி நைனார். மளிகைக் கடை வைத்திருப்பவர், தொழுகை நடத்துபவர். அவர்தான் அந்தச் செய்தியைக் கொண்டுவந்தார்.

"பள்ளிவாசல்ல கார்ப்பெட் மாத்துறாங்க தம்பி. பழசு பின்னாடி கிடக்கு. உங்க ஹாலுக்குப் போட்டா ஜோரா இருக்கும், நம்ம ஆளுங்க தொழலாம். வேணுமா?"

கேட்க வேண்டுமா! கீழக்கரைக்காரருக்கு விருந்தாளியை வெறுந்தரையில் உட்கார வைப்பதைவிட மரியாதைக் கேடு வேறில்லை. ஒரு பாயாவது விரித்தால்தான் வீடு, வீடு. அதிலும் பள்ளிவாசலில் எத்தனையோ பேர் நெற்றி வைத்த கார்ப்பெட் தன் வீட்டுக்கு வருகிறது என்றால் அது சும்மாவா? காக்காவின் கடை வேனில் மூன்று ரோல்களாக வந்து இறங்கியது. பச்சை நிறம், கட்டை விரல் கனம், அடியில் ஸ்பாஞ்ச் ஒட்டியது. கூடம் முழுக்கச் சுவருக்குச் சுவர் விரித்தார்கள். பெண்கள் தொழுவதற்கென்று படுக்கையறைகளுக்கும் வெட்டிப் போட்டார்கள். அதற்கு மேல் ஹாஜா ஊரிலிருந்து கொண்டுவந்த ஜமுக்காளம் வேறு. காரிடாரும் அடுக்களையும் மட்டும்தான் வெறுந்தரையாக மிஞ்சின.

முதல் சனிக்கிழமை பிரமாதமாக நடந்தது. இருபத்தெட்டு பேர் இருந்த கூடத்தில் குளிர் யாருக்குத் தெரியும்? அடுத்த நாளிலிருந்துதான் வீடு சில்லிடத் தொடங்கியது.

வெளியே விடாத மழை. எல் நினோ என்று டிவியில் சொன்னார்கள். ஹாஜா தெர்மோஸ்டாட்டை இரண்டு டிகிரி ஏற்றினார், பிறகு ஐந்து டிகிரி ஏற்றினார். பாய்லர் நாள் முழுக்க ஓடியது. கூடத்துக் குளிர் அசையவில்லை. விடியுமுன் சஹர் சாப்பிட எழுந்தால் பல் கிட்டியது. வேடிக்கை என்னவென்றால் காரிடாரில் மட்டும் கால் வைக்க முடியாத சூடு. தாஜ் நிஷாவின் மாவு ஒரே ராத்திரியில் பொங்கி வழிந்து, புளித்து, வடை சுடக்கூட லாயக்கில்லாமல் போனது.

"காரிடாருக்குப் போற குழாய் லூப் ஓடுது. ஹால் லூப், பெட்ரூம் லூப் ரெண்டும் அடைச்சிருக்கு. லாஜிக் கிளியரா இருக்கு" என்றார் ஹாஜா.

"ஒன்றரை மாசம் நல்லா ஓடினது திடீர்னு எப்படி அடைக்கும்?"

"நாப்பது வருஷக் குழாய் தாஜு. எப்ப வேணா அடைக்கும்."

ஹீட்டிங் வேலை பார்க்கும் கேரி என்பவனை வரவழைத்தார். ஆறடிக்கு மேல் ஒரு ஆள், கணுக்காலுக்கு மேலே கட்டிய கனத்த பூட்ஸ். ஷூவைக் கழற்றச் சொன்னதற்கு, வேலை நேரத்தில் பூட்ஸைக் கழற்றக் கூடாது, இன்ஷூரன்ஸ் ரூல் என்றான். தொழுகிற கார்ப்பெட்டில் பூட்ஸ் கால் படுவதா? ஹாஜா குறுக்கே நின்றுகொண்டார். கேரியும் நல்லவன்தான், வற்புறுத்தவில்லை. காரிடார் வழியாகப் போய் பாய்லரைப் பார்த்தான், கூடத்து வாசலில் நின்று கழுத்தை நீட்டிப் பார்த்தான். பச்சை விரிப்பைப் பிரார்த்தனைக்கு எப்போதும் போட்டு வைத்திருப்பது என்று நினைத்துக்கொண்டிருப்பான் போல.

"சமீபத்தில் வீட்டில் ஏதாவது மாற்றினீர்களா?" என்று கேரி கேட்டான்.

"ஒன்றுமே மாற்றவில்லை" என்றார் ஹாஜா. பொய் சொல்லவில்லை, பாவம். விருந்தாளிக்கு விரிப்பது அவர் கணக்கில் மாற்றமே இல்லை.

அப்படியானால் குழாய் போயிற்று என்றான் கேரி. காங்கிரீட்டை உடைத்துத் தேடுவது வீண் வேலை. பாய்லரைக் கழற்றிவிட்டுக் கூரை மேல் ஒரு ஃபர்னஸும், அறைக்கு அறை வென்ட்டும் வைத்துவிடலாம். இந்தப் பக்கத்தில் பாதிப் பேர் அப்படித்தான் மாற்றினார்கள். ஹாஜா அவன் நீட்டிய ஒப்பந்தப் பேப்பரை வாங்கி இரண்டு தடவை படித்தார். ஊதுகிற காற்று. எதைவிட்டு மூவாயிரம் மைல் ஓடி வந்தாரோ அதையே தன் கையால் கையெழுத்துப் போட்டு வீட்டுக்குள் அழைத்துக்கொண்டார். அடுத்த திங்கட்கிழமை காலை வேலை தொடங்குவதாகப் பேச்சு.

அதுவரை சமாளிக்க ஃபேன் வைத்த எலெக்ட்ரிக் ஹீட்டர் இரண்டு வாங்கி வந்தார். அவை பழைய கார்ப்பெட்டின் மேல் விர்ரென்று ஊதின. மூன்றாவது நாள் இனாயாவின் நெஞ்சில் விசில் அடித்தது.

ஹாஜாவுக்கு உலகமே இருண்டுவிட்டது. அவசரப்பட்டு வீட்டை வாங்கிவிட்டோம், பிள்ளையை ஏமாற்றிவிட்டோம் என்று மனதுக்குள் புழுங்கினார். நெபுலைசர் உச்சித் தட்டிலிருந்து இறங்கி வந்தது. ஹாஜா தொழும்போதுகூட ஒரு காது மகள் பக்கமே இருந்தது. ஃபர்னஸ் வந்துவிட்டால் இது தினமும் நடக்கும் என்று அவருக்குத் தெரியும். தெரிந்தும் என்ன செய்வது? பிள்ளையைக் குளிரில் வைத்திருக்க முடியாதே.

இரண்டாவது சனிக்கிழமை மதியம். தாஜ் நிஷா பெரிய தேக்சாவில் நோன்புக் கஞ்சி கிண்டிக்கொண்டிருந்தாள். மழைக்குள் வெளியே போகவும் முடியாமல் ஹாஜா இன்ஹேலரை எடுத்துக்கொண்டு இனாயாவைத் தேடினார். அறையில் இல்லை. அடுக்களையில் இல்லை. கூடத்துக் கண்ணாடிச் சுவரோரம் கார்ப்பெட் மூலை புடைத்துக்கொண்டு இருந்தது. அதற்குள்ளிருந்து ஒரு தலையும் ஒரு லைப்ரரி புத்தகமும் நீட்டிக்கொண்டிருந்தன. பிள்ளை கார்ப்பெட்டைப் போர்வை மாதிரி இழுத்துப் போர்த்திக்கொண்டு கழுத்து வரை உள்ளே போயிருந்தாள்.

"யா அல்லாஹ்! தூசிக்குள்ளயா போய்ப் படுப்பே? ஏற்கெனவே இழுக்குது! எழுந்திரு!"

"இட்ஸ் வார்ம் இன் ஹியர், வாப்பா" என்றாள் இனாயா. அந்த ஒரு வரிக்குள் இரண்டு தடவை மூச்சு வாங்கினாள்.

அவர் இரண்டு காலையும் பிடித்து அவளை வெளியே இழுத்தார். இழுத்தவர் அப்படியே நின்றுவிட்டார். பிள்ளையின் பாதம் கொதித்தது. பதறிப்போய் நெற்றியில் கை வைத்தார். நெற்றி சில்லென்று இருந்தது. மறுபடி பாதம். மறுபடி நெற்றி. காலில் மட்டும் காய்ச்சல் வருமா என்ன? அவர் மெதுவாகக் குனிந்து, அவள் படுத்திருந்த இடத்தில் கார்ப்பெட்டுக்கு அடியில் கையை விட்டார். விட்ட கையை விருட்டென்று எடுத்தார். தோசைக்கல் மாதிரி இருந்தது தரை.

கூடத்தின் இன்னொரு மூலையைத் தூக்கிப் பார்த்தார். சூடு. நடுவில் ஜமுக்காளத்தையும் கார்ப்பெட்டையும் சேர்த்துக் கிளப்பினார். சூடு. படுக்கையறைக்கு ஓடினார். அங்கேயும் சூடு. பத்து நாளாகத் தரை தன் வேலையை ஒழுங்காகச் செய்துகொண்டிருந்திருக்கிறது. மேலே வர வழியில்லாமல் அந்தச் சூடெல்லாம் ஸ்பாஞ்சுக்கு அடியிலேயே அடைந்து கிடந்திருக்கிறது. கூடம் ஆறியிருப்பதைப் பார்த்துத் தெர்மோஸ்டாட் பாய்லரை விரட்ட, மூடாத காரிடார் மட்டும் வெந்திருக்கிறது.

சத்தம் கேட்டுக் கரண்டியோடு வந்த தாஜ் நிஷா, தரையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் புருஷனைப் பார்த்தாள். பிறகு குனிந்து அவளும் தொட்டுப் பார்த்தாள். அவளுக்கு விளங்க அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

"மச்சான், கடைசியா என்ன சேஞ்ச் பண்ணீங்க?"

ஹாஜா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அப்புறம் மெல்ல, "ரெண்டு மணி நேரத்துல ஆளுங்க வந்துடுவாங்க. வெறுந்தரையில உட்கார வைக்கிறதா? பள்ளிவாசல் கார்ப்பெட் வேற. காக்கா என்ன நெனைப்பாரு?" என்றார்.

"காக்கா நெனைக்கிறதை காக்காகிட்ட கேட்டுக்கலாம். புள்ளை மூச்சை யார்கிட்ட போய்க் கேப்பீங்க?" கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அவளே ஒரு மூலையைச் சுருட்டத் தொடங்கினாள். அதற்கு மேல் அவர் உட்கார்ந்திருக்கவில்லை.

இனாயாவுக்கு மருந்து கொடுத்து, பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வந்து சுருட்டினார்கள். வெந்து போன ஸ்பாஞ்ச் பொடிப் பொடியாக உதிர்ந்தது. கராஜில் இருந்த காரை வெளியே எடுத்துவிட்டு அங்கே கொண்டுபோய்ப் போட்டார்கள். ஃபேன் ஹீட்டர்களும் அங்கேயே போயின. ஈரத் துணியால் இரண்டு தடவை தரையைத் துடைத்தார்கள். துடைக்கத் துடைக்கப் பின்னாலேயே காய்ந்துகொண்டு வந்தது தரை. நோன்பில் வறண்ட நாக்கோடு இருவரும் வேர்த்துப்போய் நின்றபோது, கூடம் பழையபடி ஆகிக்கொண்டிருந்தது.

இனாயாவைத் திரும்பக் கூட்டி வந்த கொஞ்ச நேரத்தில், ஐந்து மணிக்கு ஆட்கள் வந்தார்கள். சீனி நைனார் காக்கா வாசலிலேயே நின்றுவிட்டார்.

"என்ன தம்பி, கார்ப்பெட்டைக் காணோம்? மொட்டைத் தரையா இருக்கு?"

எல்லாரும் ஹாஜாவைப் பார்த்தார்கள். எப்போதும் குழாய் நீளம் சொல்கிற மனுஷன் அன்றைக்குத் தலையைக் குனிந்துகொண்டு உள்ளதை உள்ளபடி சொன்னார். கார்ப்பெட் போட்டதும், சூடு அடைந்ததும், பிள்ளைக்கு இழுத்ததும், புத்தி இல்லாமல் ஃபர்னஸுக்குக் கையெழுத்துப் போட்டதும். "உங்க கையால குடுத்ததை எடுத்துப் போட்டுட்டேன். மன்னிக்கணும் காக்கா."

காக்கா அவரை ஒரு பார்வை பார்த்தார். "அட என்னப்பா நீ! பள்ளிவாசல்ல அதை எதுக்குத் தூக்கினாங்கன்னு நெனைச்சே? சஜ்தாவுல தலை வச்சவனெல்லாம் தும்மிக்கிட்டே எழுந்தான். தூசி போகவே மாட்டேங்குது. உங்க வீட்டுல புள்ளைக்கு நெஞ்சு சரியில்லேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே வேண்டாம்னிருப்பேனே!"

சொல்லவில்லைதான். பிள்ளையின் சீக்கை வெளியே சொன்னால் நாளைக்கு ஏதாவது ஆகிவிடும் என்று புருஷனும் பெண்டாட்டியும் வாயைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். இப்படியும் ஒரு வினை.

பேரீச்சம்பழத்தால் நோன்பு திறந்து, கஞ்சி குடித்து, மக்ரிப் தொழுகைக்கு வரிசை நின்றார்கள். விரிக்க ஒன்றுமில்லை. சஜ்தாவுக்குப் போனபோது ஹாஜாவின் நெற்றி நேராகத் தரையில் பட்டது. இதமான சூடு புருவம் வரை ஏறியது. ஊதுகிற சத்தம் எதுவும் இல்லாத அந்த வீட்டில், இருபது பேரின் மூச்சுக்கு நடுவே திறந்து கிடந்த படுக்கையறை வாசலருகே உம்மாவின் பக்கம் தொழுத மகளின் மூச்சைத் தேடினார். விசில் இருந்தது. ஆனால் மெலிந்திருந்தது. வெட்கமும் ஆறுதலும் சேர்ந்து வந்து கண் நிறைந்துவிட்டது. தொழுகை நடத்திய காக்கா, தரையின் சுகமோ என்னவோ, கடைசி சஜ்தாவிலிருந்து நெடுநேரம் எழுந்திருக்கவே இல்லை. என்ன ஆயிற்றோ என்று பின் வரிசையில் ஒருவர் தொண்டையைக் கனைத்த பிறகுதான் எழுந்தார். சாப்பிட உட்கார்ந்ததும், சஹன் என்னும் பெரிய தட்டைச் சுற்றி நாலு நாலு பேராகச் சம்மணமிட்டவர்களில் ஒருத்தர்கூடப் பாய் கேட்கவில்லை. "அடுத்த சனிக்கிழமை வரைக்கும் இப்படியே உட்கார்ந்திருக்கட்டுமா?" என்று கேட்டார் காக்கா.

திங்கட்கிழமை காலை கேரி இரண்டு ஆட்களோடும் ஏணியோடும் வந்தான். வராதே என்று ஹாஜா ஃபோன் பண்ணிச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. உள்ளுக்குள் இன்னும் பயம் இருந்தது. தன் லாஜிக் மேல் அவருக்கு அந்த வாரம் நம்பிக்கை போய்விட்டது. குழாய் நிஜமாகவே நன்றாக இருக்கிறது என்று தெரிந்தவன் ஒருத்தன் வாயால் கேட்க வேண்டும்.

"உள்ளே வா. பூட்ஸைக் கழற்றிவிட்டு வா."

"நான்தான் அன்றைக்கே சொன்னேனே, இன்ஷூரன்ஸ்..."

"கழற்றாவிட்டால் உனக்குத் தெரியாது" என்றார் ஹாஜா. கெஞ்சுகிற குரல். கேரி அவர் முகத்தைப் பார்த்தான். பிறகு வாசற்படியில் உட்கார்ந்து கயிற்றை அவிழ்த்தான். பெருவிரலில் ஓட்டை விழுந்த சாக்ஸோடு கூடத்தில் இரண்டு அடி வைத்தவன் நின்றான். கீழே பார்த்தான். அறை முழுவதும் நிதானமாக நடந்தான், அங்கங்கே மண்டியிட்டு உள்ளங்கையை வைத்தான், படுக்கையறைகளுக்கும் போனான். பாய்லரின் பிரஷர் முள்ளைப் பத்து நிமிஷம் பார்த்துக்கொண்டு நின்றான். முள் இறங்கவில்லை.

"எந்தக் குழாயும் போகவில்லை. ஒழுகவும் இல்லை" என்றான். "இது இன்னும் எத்தனையோ வருஷம் ஓடும். அன்றைக்கு எதையும் மாற்றவில்லை என்றீர்களே?"

"மாற்றினேன்" என்றார் ஹாஜா. "நான்தான் மாற்றினேன்."

கேரி சட்டைப் பையிலிருந்து கையெழுத்துப் போட்ட பேப்பரை எடுத்து நான்காகக் கிழித்து அவர் கையிலேயே கொடுத்தான். கொடுத்துவிட்டுக் கண்ணாடிச் சுவர்ப் பக்கம் தாடையைக் காட்டி, "பிள்ளைக்கு உடம்பு சரியில்லையா?" என்று கேட்டான்.

இரண்டு நாள் போகட்டும் என்று இனாயாவைப் பள்ளிக்கு அனுப்பவில்லை. வெறுந்தரையில் குப்புறப் படுத்துப் படம் வரைந்துகொண்டிருந்தவள், கலர் பென்சிலைக் கையில் பிடித்தபடியே கன்னத்தைத் தரையில் வைத்துத் தூங்கிப் போயிருந்தாள். ஹாஜா பக்கத்தில் போய் மண்டியிட்டு, அவள் முதுகுக்கு அருகே காதை வைத்தார். ஒன்றும் கேட்கவில்லை. இன்னும் நெருங்கி வைத்தார். பிள்ளையின் முதுகு ஏறி இறங்கியது. மூச்சு சத்தமில்லாமல் போய் வந்தது.

ஆபீஸ் சட்டையோடு அவர் அப்படியே மகள் பக்கத்தில் தரையில் படுத்துவிட்டார். "ஆபீஸ் போகலியா மச்சான்?" என்று அடுக்களையிலிருந்து தாஜ் நிஷா கேட்டாள். அவர் வாயில் விரலை வைத்து அவளைப் பேசாமல் இருக்கச் சொன்னார். கேரி பூட்ஸைக் கையில் எடுத்துக்கொண்டு, கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனான்.